வீட்ல ஆர்சிசிபி இருக்குனு நம்பிட்டு இருந்தேன்

நைட் டூட்டி. முப்பது வயசு கூட ஆகாத ஒரு பெண்ணை ஆட்டோவுல தூக்கிட்டு ஓடி வந்தாங்க. பக்கெட்ல ஹீட்டர் போட்டு, தண்ணி சுட்டுச்சானு சுவிட்சை அணைக்காம விரலை விட்டுப் பார்த்திருக்காங்க. கால் ஈரத் தரையில.

நாற்பது நிமிஷம் சிபிஆர் கொடுத்தோம். இசிஜி நேர்கோடாவே இருந்தது.

வெளிய வந்து சொன்னதும் கணவர் அழல. "வீட்ல ட்ரிப்பர் எல்லாம் இருக்கே சார். அது ஏன் சார் விழல?"னு திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த நேரத்துல அவருக்குப் பதில் சொல்லல. இங்க சொல்றேன்.

அவர் சொன்ன ட்ரிப்பர் எம்சிபி. அது காப்பாத்துறது வயரை, மனுஷனை இல்ல. ஈரமான உடம்போட மின்தடை சுமார் 1000 ஓம்னு வெச்சுக்கோங்க. 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்பியர் பாயும். அது ஏறக்குறைய ஒரு சீலிங் ஃபேன் இழுக்கிற கரண்ட். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்ல. இதயத்தோட துடிப்பைக் கலைக்க அது தாராளம்.

ஆர்சிசிபி வேற ஜாதி. போன கரண்ட் முழுசா நியூட்ரல் வழியா திரும்புதானு பார்த்துட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா 0.3 நொடிக்குள்ள துண்டிக்கணும். 150 மில்லி ஆம்பியருக்கு மேல போனா 0.04 நொடிக்குள்ள. நம்ம இதயம் ஒரு தடவை துடிக்கவே 0.8 நொடி ஆகும்!

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையா எங்க வீட்டு ஆர்சிசிபில 'டி'னு போட்டிருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். விழல. மறுபடி அழுத்தினேன். ஃபேன் பாட்டுக்கு சுத்திட்டு இருக்கு.

அப்பா மெதுவா சொன்னார். "மழை பேஞ்சா மொத்த வீடும் போயிடுதுப்பா. ஃப்ரிட்ஜ்ல மாவெல்லாம் புளிச்சுப் போச்சு. அதான் எலக்ட்ரீஷியன்ட்ட சொல்லி டைரக்ட் பண்ணிட்டேன்."

உள்ள வர்ற வயரையும் வெளிய போற வயரையும் நேரடியா சேர்த்துட்டு, பெட்டிய மட்டும் அழகுக்கு விட்டு வெச்சிருக்காங்க. எங்கம்மா தினமும் அந்த வீட்லதான் ஈரக்கையோட வாஷிங் மெஷின் போடுறாங்க.

எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தலாம்னுதான் இருந்தேன். ஆனா அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்தது. எங்களுது த்ரீ ஃபேஸ் சர்வீஸ். மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு ஃபோர் போல் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின்னு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் லீக் பண்ணும். அது இயல்பு. 30னு எழுதியிருந்தாலும் 15ஐத் தாண்டினா எப்ப வேணா விழலாம். வாசல் லைட்ல மழைத்தண்ணி இறங்கினா, ஃப்ரிட்ஜோட சேர்த்து எல்லாம் அவுட்.

கடைக்காரர் 300 மில்லி ஆம்பியர் எடுத்து நீட்டினார். "இதைப் போடுங்க சார், விழவே விழாது." உண்மைதான், ஆளே போனாலும் விழாது! 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுக்க, மெயின்ல போடுறது. ஆள் தொடுற லைனுக்கு 30தான்.

கடைசில ஃபேஸுக்கு ஒண்ணா மூணு டூ போல் 30 மில்லி ஆம்பியர் போட்டோம். வாசல், மாடி லைட்டுக்குத் தனியா ஒண்ணு. த்ரீ ஃபேஸ் போர் மோட்டாருக்கு மட்டும் ஃபோர் போல். செலவு கூடத்தான் ஆச்சு.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் அதோட நியூட்ரல் தனியா திரும்பி வரணும். பழைய வயரிங்ல ரெண்டு ரூமுக்கு ஒரே நியூட்ரல் ஓடும். கலந்தா சுவிட்ச் போட்ட உடனே விழும். நம்ம ஊர்ல ஒரு ஃபேஸ் போனா இன்னொண்ணுக்கு மாத்துற சுவிட்ச் வேற இருக்குமே, அது ஆர்சிசிபிக்கு முன்னாடி வரணும். பின்னாடி வெச்சா கரண்ட் ஒரு பெட்டி வழியா போய் இன்னொரு பெட்டி வழியா திரும்பும், ரெண்டும் விழும். எங்க வீட்ல பின்னாடிதான் இருந்தது. அதை மாத்தவே ஒரு நாள் ஓடிருச்சு.

"மூணு ஃபேஸ்லயும் லோடு சமமா இல்லேன்னா ஃபோர் போல் விழும்"னு சிலர் சொல்வாங்க. விழாது. வித்தியாசம் நியூட்ரல் வழியா திரும்பிடும், கணக்கு நேராயிடும்.

வாங்கும்போது 'ஏ' டைப்னு கேட்டு வாங்குங்க. 'ஏசி' டைப்னா ஏர் கண்டிஷனருக்குனு நெனச்சுடாதீங்க (நான் நெனச்சேன்). இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின்ல வர்ற சில லீக்கை 'ஏசி' டைப் கவனிக்காம விட்டுடலாம்.

ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது, கூடவே எம்சிபி கட்டாயம் வேணும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்துல ரெண்டு கையால பிடிச்சா, எர்த்துக்கு லீக் இல்லாததால ஆர்சிசிபிக்கும் தெரியாது. அதனால ஹீட்டர் தண்ணில விரல் விடுறது என்னிக்குமே வேணாம். மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. விழலேன்னா போர்டை நீங்க திறக்காதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

போன வாரம் ஊர்ல நல்ல மழை. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா போன். "வாசல் லைட் மட்டும் போச்சுப்பா. ஃப்ரிட்ஜ் ஓடுது. காலைல அந்த அண்ணனை வரச் சொல்லிருக்கேன்."