மறுமுனை ஆள்

கயிற்றுத் துறப்பணத்துக்கு ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் தண்டின் தலையில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு நேர் பார்ப்பார். எதிரே குந்தியிருப்பவர் தண்டில் சுற்றிய கயிற்றின் இரு நுனிகளையும் மாற்றி மாற்றி இழுப்பார். தண்டு ஒருமுறை வலமாகச் சுழலும், மறுமுறை இடமாக. அதனால் அதன் அலகு தட்டையாக, இரண்டு பக்கமும் சுரண்டும்படி தீட்டப்பட்டிருக்கும். குடவாசலில் எங்கள் பட்டறையில் அழுத்தியவர் அப்பா. இழுத்தவன் நான்.

வண்டிச் சக்கரம், கலப்பை, நுகத்தடி, நிலைக்கதவு என்று வேலைக்குக் குறைவிருக்காது. காய்ந்த கருவேலங்கட்டையில் துளை போடுவது லேசான காரியமில்லை. கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும் தண்டு நழுவும். நான் வேறெங்கோ நினைப்பாக இருப்பது அப்பாவுக்கு உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும். "எங்கடா இருக்கே? இங்க வா" என்பார். அவர் எனக்குச் சொன்னவற்றில் முக்கால்வாசி அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தபோது சொன்னதுதான். எந்த வீட்டில் கூலியை நெல்லாக அளப்பார்கள், யார் தை அறுப்பு வரைக்கும் இழுத்தடிப்பார், வெட்டிய மரத்தை ஏன் ஆறப்போட வேண்டும், அத்தை கல்யாணம் ஏன் நின்றுபோனது எல்லாம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிற இருவர் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பார்கள்?

மரம் அறுக்க வருகிறவர்களும் ஜோடியாகத்தான் வருவார்கள். கட்டையைச் சாய்த்து நிறுத்தி, மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலாள் கோடு பார்ப்பார். கீழே நிற்பவருக்குக் கோடு தெரியாது. தூள் கண்ணில் கொட்டும். மேலிருந்து வரும் குரல்தான் அவருக்குக் கண். அளவு சொல்வதிலும் ஒரு முறை உண்டு. "முழம் ரெண்டு, விரல் நாலு" என்று அப்பா சொன்னால், நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் உளியைத் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டால் கொட்டாப்புளி என் பக்கம் திரும்பும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கும்பகோணத்திலிருந்து ட்ரில் மிஷின் வந்தது. பம்பாயில் செய்த ரல்லி வுல்ஃப். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விசையை அழுத்தினார், கருவேலங்கட்டையில் வைத்தார். நாங்கள் ரெண்டு பேரும் மூச்சு வாங்கச் செய்கிற துளை, பேசத் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. அது ஒரே பக்கமாகச் சுற்றுவதால் அலகில் முறுக்கு வரி வெட்டியிருந்தது; மரத்தூள் அந்த வரி வழியாகத் தானே மேலேறி வந்தது. அப்பாவுக்கு அந்த வரிதான் மிகவும் பிடித்துப் போனது. மோட்டாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வேலை போயிற்று. அதனால்தான் படிக்கப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் என்னைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்டது. அதன்மேல் எனக்கு வருத்தம் இருக்க நியாயமில்லை.

மின்சாரத் துளைக்கருவிக்கு 1889இல் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட் காப்புரிமை வாங்கினார். 1895இல் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி அதைக் கையில் தூக்கும் அளவுக்குக் கொண்டுவந்தது. தூக்கலாம் என்று பெயர்தான். எடை ஏழரை கிலோ. பால்டிமோரின் பிளாக்கும் டெக்கரும் 1917இல் காப்புரிமை பெற்றதுதான் இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிற வடிவம்: கைத்துப்பாக்கி போன்ற பிடி, ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை. கோல்ட் துப்பாக்கியைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். 1920களில் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டுகிறவர்களைப் பார்த்து, அந்தக் கத்தியில் மோட்டார் வைத்தால் என்ன என்று தொடங்கியதுதான் கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தில் போய் முடிந்தது. காவிரிக்கரையிலும் கரும்பு வெட்டுகிறோம். நமக்குக் கைதான் வலித்தது, யோசனை வரவில்லை!

இந்த வரலாற்றில் என் கண்ணில் படுவது மோட்டார் அல்ல, அந்த விசைதான். "இழு", "நிறுத்து", "மெதுவா" என்று எதிரே இருப்பவனிடம் சொன்னதையெல்லாம் ஒரு விரலுக்குள் அடக்கிவிட்டார்கள். எதிரே ஆள் தேவைப்படாமல் போனது அந்த இடத்தில்தான்.

பிறகு மீனம்பாக்கத்தில் எனக்கு வாய்த்த வேலையும் ஒரு விசையை அழுத்துவதுதான். விமானங்களோடு ரேடியோவில் பேசுகிற வேலை. ஆனால் இந்த விசை நேர் எதிரானது. ட்ரில்லை விட்டால் எல்லாம் நின்றுவிடும். ரேடியோ பொத்தானை விட்டால்தான் மறுமுனை பேசும். அழுத்திக்கொண்டே இருப்பவனுக்கு எதுவும் கேட்காது.

1910 ஆகஸ்டில் நியூயார்க் அருகே மெக்கர்டி என்ற விமானி, பறந்துகொண்டே தந்திக்கட்டையைத் தட்டித் தரைக்குச் செய்தி அனுப்பினார். 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தபோது அவர் விமானத்தில் ரேடியோவே இல்லை. அதன்பின் நெடுந்தூர விமானங்களில் தந்தி தட்டுவதற்கென்றே ரேடியோ ஆபீசர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குரலில் பேசும் வசதி தேறியதும் அவர் இறங்கிப் போனார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்கள் கதைகள்தான் மிச்சம்.

வங்கக்கடலின் நடுவே பறக்கும் விமானத்துக்கு வி.எச்.எஃப். எட்டாது; அது நேர்கோட்டில் போகிற அலை, பூமியின் வளைவு தாண்டாது. அங்கே எச்.எஃப். சிற்றலைதான். வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி வரும். பகலில் உயர்ந்த அலைவரிசை, இரவில் தாழ்ந்தது. இரைச்சல் என்றால் அப்படி ஒரு இரைச்சல். அதற்கு அடியிலிருந்து "மெட்ராஸ் ரேடியோ" என்று ஒரு குரல் எழும்பும். இருக்கும் இடம், நேரம், உயரம், அடுத்த இடம், அங்கே சேரும் நேரம். நான் எழுதிக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வேன். நான் சொல்லும் உத்தரவை அவர் திருப்பிச் சொல்வார். முழம் ரெண்டு, விரல் நாலு! பட்டறையில் பழகிய நாக்குக்கு அதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. அதே அலைவரிசையில் ரங்கூனும் கோலாலம்பூரும் பேசுவது கேட்கும். முகம் தெரியாத அந்த ஆப்பரேட்டர்களில் சிலரை இருமலை வைத்தே அடையாளம் சொல்வேன்.

விமானிகளுக்கு அந்த இரைச்சல் பிடிக்காது. அதற்காகத்தான் செல்கால் வந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் நாலு எழுத்துக் குறியீடு. அதற்குரிய ஓசைகளைத் தரையிலிருந்து அனுப்பினால் அந்த விமானத்தில் மட்டும் மணி அடிக்கும். அவர்கள் காதுக்கருவியைக் கழற்றிவைத்துவிட்டுச் சாப்பிடலாம். தரையில் இருந்த எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2000களில் சென்னைக்கும் தரவு இணைப்பு வந்தது. பேச்சு எழுத்தாகிவிட்டது, உத்தரவு திரையில் போகும், ஒப்புதல் திரையில் வரும்.

அது நல்லதற்குத்தான். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் செத்துப்போனார்கள். கோபுரமும் பான் ஆம் விமானியும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தியதால், ஓடத் தொடங்கியிருந்த கே.எல்.எம். விமானத்தில் ஒரு கீச்சொலிதான் கேட்டது. காப்பாற்றியிருக்கக்கூடிய வார்த்தைகள் அந்தக் கீச்சுக்குள் போயின. திரையில் வரும் எழுத்துகள் அப்படி ஒன்றை ஒன்று விழுங்காது. இதைத் தெரிந்துகொண்டு குரலுக்காக ஏங்குவது வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தும் ஏங்குகிறேன்.

எங்கள் ஊருக்கும் ஒரு பழைய கதை உண்டு. சோழன் செங்கணானிடம் பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையை அடைத்துவைத்தது குடவாயில் கோட்டத்தில் என்று புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்பு சொல்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலர்கள் தாமதித்துக் கொண்டுவந்தார்கள். அவன் அதைக் குடிக்காமலே செத்தான். பள்ளிக்கூடத்தில் இதை மானத்தின் கதையாகப் படித்தோம். இரவுப் பணியில், அழைத்துக்கொண்டே இருக்கும் ஒரு குரலுக்கு நம் பதில் போய்ச் சேராமல் இரைச்சலில் கரைகிறபோது, அது எனக்கு வேறு கதையாகக் கேட்கும். கூப்பிட்டவனுக்கு உடனே "இருக்கிறேன்" என்று சொல்லவாவது வேண்டும். தண்ணீர் கொஞ்சம் பொறுத்து வரலாம்.

பட்டறையை இப்போது அண்ணன் மகன் நடத்துகிறான். வண்டிச் சக்கரம் கேட்க ஆளில்லை. நிலைக்கதவில் லட்சுமியைக் கம்ப்யூட்டர் மிஷினே செதுக்கிவிடுகிறது. அவன் கையில் பேட்டரி ட்ரில், காதில் பாட்டு. தஞ்சாவூர்த் தளத்துக்கு 2020இல் வந்த சுகோய் விமானங்களில் ஒன்று தலைக்கு மேலே போனால்கூட நிமிர்வதில்லை. தனியாகவே ஒரு நாளில் செய்கிற வேலையை அப்பாவும் நானும் ஒரு வாரம் செய்திருப்போம். "துணைக்கு ஆளே வேண்டாமாடா?" என்று கேட்டேன். "பிளைவுட்டோட அந்த முனையப் பிடிக்க மட்டும் வேணும் சித்தப்பா" என்றான். போய்ப் பிடித்துக்கொண்டேன். என்ன அளவு என்று கேட்டதற்கு, லேசர் பார்த்துக்கொள்ளும் என்றான்.

சிற்றலையை இன்னும் முழுதாக மூடிவிடவில்லை. தரவு இணைப்பு இல்லாத விமானத்துக்கும், இணைப்பு அறுந்தவனுக்கும் கடல் நடுவே அதுதான் கதி. அதைக் கேட்டுக்கொண்டிருக்க இன்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். யாராவது லீவு போட்டு ஓர் இரவு ஷிஃப்ட் காலியானால் கூப்பிடட்டும், வருகிறேன். சம்பளம் வேண்டாம். ராத்திரி ரெண்டு மணி டீ மட்டும் வேண்டும், சர்க்கரை கம்மியாக.