டீலர் ஏன் டிப்ஸ் வாங்குவதில்லை?

என் தம்பி சிங்கப்பூரில் உள்ள இரண்டு கேசினோக்களில் ஒன்றில் டீலராக வேலை செய்கிறான். புக்கிட் ரோத்தானில் இதைச் சொன்னால் முதலில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, "அப்போ டிப்ஸே நிறைய கிடைக்குமே?" என்பதுதான். ஒரு காசு வாங்கமாட்டான் என்றால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் மாமாவும் நம்பவில்லை. போன ஆண்டு நண்பர்களோடு சிங்கப்பூர் போனவர், அங்குள்ள இன்னொரு கேசினோவுக்குள் நுழைந்திருக்கிறார். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டித்தான் உள்ளே போக முடியும். நம்மைப் போன்ற வெளிநாட்டவர் கடப்பிதழைக் காட்டினால் போதும். (இந்தச் சலுகை யாருக்கு லாபம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.) பிளாக்ஜேக் மேசையில் மாமாவுக்கு அன்று நல்ல நேரம். சந்தோஷத்தில் 50 வெள்ளி சிப் ஒன்றைச் சீட்டுப் போட்ட பெண்ணின் பக்கம் தள்ளினார். அவர் சிரித்தபடியே திருப்பித் தள்ளினார். மாமா விடாமல் மறுபடியும் தள்ள, மேற்பார்வையாளர் வந்து நின்றுவிட்டார்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோதும் மாமாவுக்குக் கோபம் ஆறவில்லை. "ஏன், நம்ம காசு மட்டும் கசக்குதா?" என்று தம்பியிடமே கேட்டார்.

"நீங்க ரெண்டாவது தடவை தள்ளினப்ப அந்தப் பொண்ணுக்கு உள்ளுக்குள்ள உதறியிருக்கும் மாமா" என்றான் தம்பி. சிங்கப்பூரின் 2006-ஆம் ஆண்டு கேசினோ கட்டுப்பாட்டுச் சட்டப்படி, டீலர் விளையாட வந்தவரிடம் அன்பளிப்பு கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. டீலர் வேலைக்கே தனி உரிமம் வேண்டும். அது பறிபோனால் அந்தத் தொழிலே போய்விடும். தம்பியின் சம்பளத்தில்தான் இங்கே எங்கள் வீட்டுக் கடன் கட்டுகிறோம். அதனால் அவன் பேசப் பேச எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேசையை விட்டு நகரும்போது டீலர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் திருப்பிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் எதுவும் இல்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டுவது அது.

மாமா அதற்கும் அசரவில்லை. "லாஸ் வேகஸ்ல எல்லாரும் குடுக்கிறாங்களே?"

உண்மைதான். அங்கே பெரும்பாலான டீலர்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு. டிப்ஸை நம்பித்தான் குடும்பமே நடக்கிறது. பொதுவாக எல்லாருடைய டிப்ஸையும் ஒன்றாகச் சேர்த்துப் பங்கு போடுவார்கள். 2006-இல் வின் லாஸ் வேகஸ் கேசினோ, அந்தப் பங்கில் மேற்பார்வையாளர்களையும் சேர்த்தபோது டீலர்கள் கொதித்துப்போய் வழக்குவரை சென்றார்கள். அங்கேயும் பணத்தை டீலரின் கையில் திணிப்பது மரியாதை இல்லை. சிப்பை மேசைமேல் வைத்து, இது உங்களுக்கு என்று வாயால் சொல்ல வேண்டும். டீலர் எல்லாரும் பார்க்க அதை எடுத்து அதற்கான பெட்டியில் போடுவார். பிரிட்டனில் நெடுங்காலம் இருந்த தடை, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் தளர்ந்தது. ஆக, ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. உள்ளே போகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதுவரை பேசாமல் முறுக்கு தின்றுகொண்டிருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். இளவயதில் தோட்டத்தில் பால் மரம் சீவியவர் அவர்.

"மச்சான், மண்டோர் வீட்டுக்கு ஒரு சேவல் போச்சுன்னா, பால் நல்லா வர்ற நிரை கிடைக்கும். சேவல் குடுக்க வழியில்லாதவனுக்குக் கிழட்டு மரம். அந்த மேசையில உன் பக்கத்துல உக்காந்து தோத்தானே, அவன் என்ன நெனைச்சிருப்பான்?"

மாமா பதில் சொல்லவில்லை. சட்டம் பயப்படுவது இதற்குத்தான் என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஓட்டலில் பரிமாறுபவருக்குக் கொடுக்கும் காசு பக்கத்து மேசைக்காரரின் சாப்பாட்டைக் குறைக்காது. சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் சந்தேகம் வரும், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும்.

கொடுக்கும் மனசு தப்பென்று நான் சொல்லவில்லை. பெட்டி தூக்குபவர், அறை துடைப்பவர், நம் கம்போங் குவாந்தானில் மின்மினி காட்ட இருட்டில் துடுப்புப் போடுபவர் என்று கொடுப்பதற்கு ஆளா இல்லை?

டீலர்களுக்கு என்னதான் செய்யலாம் என்று தம்பியைக் கேட்டேன். தோற்றால் திட்டாமல் இருந்தாலே பெரிய உபகாரம் என்றான். முகத்தில் சிகரெட் புகையை ஊதியவர்கள், அவன் பிறந்த நேரத்தையே சபித்தவர்கள் என்று பலரைப் பார்த்திருக்கிறான். நன்றாகக் கவனித்தார் என்று தோன்றினால், சட்டையில் இருக்கும் பெயர் அட்டையைப் பார்த்து வைத்துக்கொண்டு நிர்வாகத்துக்கு இரண்டு வரி எழுதலாமாம். அப்படித் தம்பியைப் பாராட்டி இதுவரை இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றின் நகலை அம்மா சாமி மேடையில் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்.