இன்ஜின் இல்லாத குடித்தனம்

துறைமுகத்துக்குள் ஒரு சின்னப் பாய்மரப் படகு நுழைகிறது. காற்று விழுந்துவிட்டது. வேறு படகாக இருந்தால் இந்நேரம் இன்ஜின் உறுமத் தொடங்கியிருக்கும். இதில் ஒருவர் பின்பக்கம் நின்றுகொண்டு நீளமான ஒற்றைத் துடுப்பை இடமும் வலமுமாக அசைக்கிறார். முன்பக்கம் ஐந்தடிகூட இல்லாத ஒரு பெண், நங்கூரத்தை இறக்கத் தயாராக நிற்கிறார். அவசரமே இல்லாமல் படகு தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், உலகின் பல துறைமுகங்களில் இப்படித்தான் வந்து நின்றார்கள் லின் - லாரி பார்டி தம்பதி.

லாரி கனடாக்காரர். லின் அமெரிக்கப் பெண். 1965-ல் கலிபோர்னியாவில் இருவரும் சந்தித்தபோது லாரி தன் கையாலேயே ஒரு மரப் படகைக் கட்டும் முயற்சியில் இருந்தார். அந்த வேலையில் லின்னும் சேர்ந்துகொண்டார். 1968-ல் 'செராஃபின்' தண்ணீரில் இறங்கியது. நீளம் 24 அடிதான். அதே ஆண்டில் திருமணம். அடுத்த ஆண்டு பயணம். கிழக்கு நோக்கிப் போய் உலகைச் சுற்றி முடிக்க 11 ஆண்டுகள் ஆயின. பிறகு 'டாலீசின்' என்ற இன்னொரு படகையும் அவர்களே கட்டினார்கள். 1983-ல் வெள்ளோட்டம் கண்ட அந்தப் படகில் மேற்கு நோக்கி இன்னொரு சுற்று. மொத்தத்தில் 2 லட்சம் கடல் மைல்களுக்கு மேல்.

டாலீசினின் நீளம் சுமார் 9 மீட்டர். 2017-18ல் நம் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றிவந்த 'தாரிணி' 17 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், இவர்கள் எவ்வளவு சின்ன இடத்தில் குடித்தனம் நடத்தினார்கள் என்பது புரியும்.

இரண்டு படகுகளிலும் இன்ஜின் கிடையாது. இன்ஜின் வாங்கப் பணம் வேண்டும். எண்ணெய்க்குப் பணம் வேண்டும். பழுதானால் உதிரிப் பாகம் தேடி ஏதோ ஒரு தீவில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். தன்னால் சரிசெய்ய முடியாத எதுவும் படகில் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு. வழி பார்க்க, சூரியனையும் நட்சத்திரங்களையும் அளக்கும் செக்ஸ்டன்ட். பொதுவாக இன்ஜின் இருக்கும் இடத்தில் டாலீசினில் என்ன இருந்தது தெரியுமா? உட்கார்ந்து குளிக்க ஒரு தொட்டி!

தீவு தீவாகப் போகும் வாழ்க்கை என்றதும் தென்னை மரம், நீலத் தண்ணீர், முடிவில்லாத விடுமுறை என்றுதான் மனம் ஓடுகிறது. உண்மை வேறு. தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அதற்குள் பெரும்பாலான படகுகள் தெற்கே நியூசிலாந்துக்கு ஒதுங்கிவிட வேண்டும். பவளத் தீவுகளின் காயலுக்குள் நுழைய ஒரு குறுகிய வாய்தான் உண்டு. ஓதத்தின் வேகம் தணியும் நேரம் பார்த்து நுழைய வேண்டும். சூரியன் உச்சிக்கு ஏறி, முதுகுப் பக்கம் இருந்தால்தான் தண்ணீருக்கடியில் உள்ள பாறை கண்ணுக்குத் தெரியும். கணித்தது தப்பினால், வீடும் வாகனமும் சேமிப்பும் சேர்ந்தே மூழ்கும்.

கையிருப்பு தீர்ந்தால் வேலை. லாரி மற்றவர்களின் படகுகளைப் பழுது பார்த்தார். இருவரும் பிறருடைய படகுகளை ஊர் சேர்த்துக் கொடுத்தார்கள். லின் எழுதினார். ஜப்பானிலிருந்து கனடாவுக்குப் போன 49 நாள் பயணத்தை வைத்து, கடலில் சமைப்பது பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஃபிரிட்ஜ் இல்லாத படகில் முட்டைகோஸும் வெங்காயமும் எத்தனை நாள் தாங்கும், முட்டை கெடாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கே சமையல் குறிப்பு அல்ல, உயிர்ப் பிரச்சினை.

கடல் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். நெய்தல் திணையில் அவளுக்கு விதித்தது கரையில் நின்று இரங்குவது. மேலை நாட்டு மாலுமிகளும் கப்பலில் பெண் இருப்பது ஆகாது என்று நெடுங்காலம் நம்பியவர்கள்தான். இரண்டே பேர் இருக்கும் படகில் இந்த வழக்கமெல்லாம் செல்லாது. இரவில் ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். நடுக்கடலில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கண்ணயர்வது அபூர்வம். விழித்திருப்பவரின் கையில் தூங்குபவரின் உயிர் இருக்கிறது. எத்தனை வீடுகளில் ஒருவரை ஒருவர் இப்படி நம்புகிறோம்?

புயலைச் சமாளிக்க அவர்கள் கையாண்ட முறை படகோட்டிகள் மத்தியில் புகழ் பெற்றது. ஓடித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. பாயைச் சுருக்கி, சுக்கானைக் கட்டிவிட்டு, காற்றுக்கு ஏறக்குறைய முகம் கொடுத்து நின்றுவிட வேண்டும். தேவைப்பட்டால் முன்பக்கமிருந்து பாராசூட் போன்ற ஒரு துணி நங்கூரத்தைக் கடலில் இறக்க வேண்டும். படகு மெல்ல நழுவும்போது அது தண்ணீரில் கிளப்பும் சுழல், வரும் அலையின் மூர்க்கத்தைத் தணிக்கும். உள்ளே போய்க் காத்திருக்கலாம். 2002-ல், மேலைக் காற்றை எதிர்த்துக் கிழக்கிலிருந்து மேற்காகக் கேப் ஹார்ன் முனையைக் கடந்தார்கள். அப்போது லாரிக்கு அறுபது கடந்திருந்தது.

பெரிய படகு வாங்கிய பிறகு, இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்த பிறகு என்று தள்ளிப்போடுபவர்களுக்கு அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சின்னதாக, எளிமையாக, இப்போதே கிளம்புங்கள். இளமையில் இதைக் கேட்பவர்களுக்கு இது துணிச்சலான பேச்சாகப் படும். இதன் முழு அர்த்தம் பின்னால்தான் தெரிகிறது.

நியூசிலாந்தில், ஆக்லாந்துக்கு அருகில் உள்ள கவாவ் தீவில் அவர்களுக்கு ஒரு சிறு வீடும் படகுத்துறையும் இருந்தன. படகில்தான் போய்ச் சேர முடியும் அந்தத் தீவுக்கு. அந்தக் கரையில்தான் லாரியைப் பார்கின்சன் நோய் பிடித்தது. பிறகு ஞாபகமும் நழுவியது. இன்ஜினை நம்பாமல் தன் கையையும் மனத்தையும் மட்டுமே நம்பிய மனிதருக்கு அந்த இரண்டும் கைவிட்டுப் போயின. தன்னால் பழுது பார்க்க முடியாத எதுவும் வேண்டாம் என்று வாழ்ந்தவர்கள் வீட்டுக்கு, யாராலும் பழுது பார்க்க முடியாத ஒன்று வந்து சேர்ந்தது. 2020 ஜூலையில், எண்பதாவது வயதில் லாரி காலமானார்.

வசதி வரட்டும் என்று அவர்கள் அறுபது வயதுவரை காத்திருந்தால் சில ஆண்டுகள்தான் மிஞ்சியிருக்கும். இருபதுகளிலேயே கிளம்பியதால் நாற்பது ஆண்டுகள் கிடைத்தன. லாரி மறந்துபோன தீவுகளையும் துறைமுகங்களையும் லின் எழுதிவைத்திருக்கிறார். பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள்.

லின் கரையிலேயே உட்கார்ந்துவிடவில்லை. வேறொரு படகில் மறுபடியும் கடலுக்குப் போனார்.