ஜோகில்பட்டியிலிருந்து எவரெஸ்டுக்கு

விருதுநகரில் பேருந்து ஏறிச் சிவகாசி நோக்கிச் செல்வோர்க்கு மலை என்பது தொலைவிலுள்ள காட்சியே. வானம் தெளிந்த நாளில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக்கோடாய்த் தோன்றும். மற்றபடி கரிசல் மண், சீமைக் கருவேலங்காடு, ஊருக்கு ஒதுக்குப்புறமாய் ஒன்றையொன்று விலகி நிற்கும் பட்டாசு அறைகள்; அவ்வளவே. இந்த வானம் பார்த்த பூமியில் பிறந்த பெண்ணொருத்தி உலகின் உச்சியில் நின்றாள் என்று கேள்விப்பட்டபோது, நாமும் முதலில் நம்பத் தயங்கினோம்.

விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சார்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23-ஆம் நாள் 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். தமிழகத்திலிருந்து அங்கு ஏறிய முதல் பெண்மணி அவரே. இரு பெண்மக்களின் தாய். சென்னையை அடுத்த மண்ணிவாக்கத்தில் வாழ்ந்து ஜப்பானிய மொழி கற்பித்து வந்தவர். 1975-இல் எவரெஸ்டை எட்டிய உலகின் முதல் பெண்மணி ஜுங்கோ தபெய் ஜப்பானியரே என்பதை எண்ணுகையில், மொழி மாணாக்கரை எங்கெல்லாம் அழைத்துச் செல்கிறது என வியக்கத் தோன்றுகிறது.

எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு மூச்சில் கிட்டும் உயிர்வளி, கடல் மட்டத்தில் கிட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அங்கே உடல் தேறாது; நேரம் ஆக ஆகத் தேய்ந்துகொண்டே போகும். அவர் ஏறிய அந்த 2023-ஆம் ஆண்டில் மட்டும் பதினைந்து பேருக்கு மேல் அம்மலையில் மாண்டனர். அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. எல்பிரஸ், கிளிமஞ்சாரோ, அக்கோன்காகுவா எனப் பிற கண்டங்களின் சிகரங்களையும் ஏறினார்.

இச்செய்தியை அண்மையில் பேருந்தில் நம் பக்கத்து இருக்கையிலிருந்த ஓர் அம்மையாரிடம் கூறினோம். கையில் தூக்குவாளி, நகக்கண்ணில் கழுவியும் போகாத வெள்ளிச் சாம்பல் நிறம். பட்டாசு வேலைதான் என்று கேளாமலே தெரிந்தது.

“அம்புட்டுப் பேரு சாவாகன்னு தெரிஞ்சுமா சாமி அந்தப் புள்ள போச்சு?” என்றார்.

ஆம் என்றோம்.

“எங்களுக்கும் தெரியுந்தான். நாங்க கூலிக்குப் போறோம். அது எதுக்குப் போச்சு?”

நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. அவர் கேட்டது நியாயம். அறைக்கு இத்தனை பேர்தான் என்பது சட்டம். ஓடித் தப்ப வசதியாய்க் கதவுகள் வெளிப்புறம் திறக்கும். பருத்தி ஆடை உடுத்துவர். தரையில் இரப்பர் விரிப்பர். மருந்துக்குச் சிறு உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பத்தைந்து பேருக்கு மேல் இறந்தனர். மலையேறுவோர்க்கு மாலையிடும் நாம், நாள்தோறும் காலை அந்த அறைக்குள் நுழைவோரின் துணிவை ஒருபோதும் துணிவென்று அழைத்ததில்லை. அதற்கு வேறு வழியின்மை என்று பெயரிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

“பொம்பளையாலயும் முடியும்னு காட்டத்தான் போயிருக்கிறார் போலும், அம்மா,” என்று தயங்கிச் சொன்னோம்.

அவர் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே நோக்கினார். திருத்தங்கல் கடந்தது.

“எம் மக எட்டாவது படிக்கா. அந்தப் புள்ள படத்தப் பேப்பர்ல வெட்டிப் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கா, சாமி. ஒன் வேலைக்கு நான் வரமாட்டேம்மான்னு எங்கிட்டயே சொல்றா.”

கோபமா பெருமையா என்று அவர் முகத்தில் பிரித்தறிய இயலவில்லை. “வரவேண்டாம்னுதான் நானும் கும்பிடுறேன்,” என்று சொல்லித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். கருவேலங்காட்டினூடே செல்லும் மண்பாதையில் அவருக்கு முன்னே ஏழெட்டுப் பெண்கள் நடந்துகொண்டிருந்தனர்.