கதவிடுக்கு

ஓசூர், தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள தொழில் நகரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அதன் தெருக்களில் ஒருங்கே ஒலிக்கும். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தொழிலாளர் ஒருவர், இயந்திர உறுப்புகளை மயிரிழைப் பிழையும் நேராதவாறு அளந்து பார்ப்பதில் வல்லவர். அவர் இல்லத்திலோ, குளிர்சாதனப் பெட்டியின் கதவு பொருந்தாமலே பல நாள் கிடந்தது.

பால் திரிந்தது, மேலறையில் உறைபனி மலைபோற் குவிந்தது, பொறி ஓயாது இரைந்தது. புதியதொன்று வாங்கும்வரை பொறுத்திருக்கலாம் என்று எண்ணினர். ஒருநாள் பாட்டியின் இன்சுலின் குப்பியை எடுத்த மகள், அது குளிர்ச்சியின்றி இருத்தலைக் கண்டு திடுக்கிட்டாள். திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையுள்ள குளிரிலே காத்தல் வேண்டும்.

“அப்பா, கெட்ட பாலைக் கொட்டிவிடலாம். பாட்டியின் மருந்து கெட்டால் என்ன செய்வது?” என்றாள். தந்தை தலைகுனிந்தார். அன்றே மருந்தாளுநரிடம் குப்பியைக் காட்டி, அவர் சொற்படி வேறொன்று வாங்கினார். அடுத்த வீட்டுத் தெலுங்கு மூதாட்டி, தம் பெட்டியில் அதற்கு இடமளித்தார்.

பின்னர், தந்தையும் மகளும் காகிதத் துண்டொன்றைக் கதவிடையே வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்த்தனர். பிற இடங்களில் கதவு காகிதத்தை இறுகப் பற்றியது. கீழ்மூலையில் மட்டும் அது தடையின்றி வந்தது. அவ்விடத்தில் ரப்பர் பட்டையின் மடிப்பில் அழுக்குப் படிந்திருந்தது. பட்டையும் உள்நோக்கி வளைந்திருந்தது. அவ்வழியே புகுந்த காற்றின் ஈரமே உறைபனியாயிற்று.

அப்பட்டையினுள் காந்தம் உண்டு. முற்காலத்துப் பெட்டிகளுக்கு வெளித்தாழ் இருந்தது. விளையாட்டாக உள்ளே புகுந்த சிறுவர் பலர், திறக்க இயலாமல் மூச்சு முட்டி மாண்டனர். ஆதலின், உள்ளிருந்தும் திறக்கத்தக்க கதவே வேண்டுமென்று அமெரிக்க நாடு 1956-இல் சட்டம் இயற்றியது. தாழ் நீங்கிற்று, காந்தம் அதன் இடத்தைப் பெற்றது. ஆயினும், பட்டை நன்கு படிந்தாலன்றிக் காந்தம் பற்றாது.

மின்னிணைப்பை நீக்கி, உறைபனி உருகியபின், சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் மடிப்புகளைத் துடைத்தனர். வெந்நீரில் நனைத்த துணியை வளைந்த மூலையில் ஒற்றி, பட்டை இளகியதும் அதை நேராக்கினர். பெட்டியின் முன்கால்களைச் சிறிதே உயர்த்தினர். கதவு தானே சாய்ந்து மூடிற்று. இம்முறை காகிதம் அசையவில்லை. மறுநாள் உள்ளே வைத்த வெப்பமானி 5 பாகை காட்டியது.

மகள் மூதாட்டியிடம் நன்றி கூறி மருந்தைப் பெற்று வந்தாள். தொழிற்சாலையில் காட்டும் கருத்தை வீட்டிலும் காட்டவேண்டும் என்பதைத் தந்தை உணர்ந்தார். அன்றுமுதல், திங்கள்தோறும் காகிதமிட்டுக் கதவைச் சோதிப்பது அவ்வில்லத்தின் வழக்கமாயிற்று.