இரவு முழுவதும் எரிந்த விளக்கு

2011 ஆனி மாதம், தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக இங்கிலாந்து போயிருந்தேன். அவள் வீடு சஃபோக் பகுதியில் ஒரு கிராமம். சுற்றிலும் கோதுமை வயல்களும் செடிவேலிகளும். கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வானம் வெளுத்தே இருக்கும்.

முதல் இரவு யன்னலால் பார்த்தேன். பக்கத்து வளவில், புல்லின் மேல், பெரிய மின்குமிழ் ஒன்று தனியே எரிந்துகொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. விமானச் சத்தம் கேட்டால் விளக்கை நூர்த்துப் பழகியவள் நான்.

“ஆரும் அதை நூர்க்க மாட்டினமோ?” என்றேன்.

“அது பூச்சி பார்க்கிற விளக்கு அக்கா. காலமை போய்ப் பாருங்கோ” என்றாள் தங்கை.

விடிந்ததும் போனேன். அந்த வீட்டு மூதாட்டிக்கு எண்பது வயதை நெருங்கும். விளக்கின் கீழே ஒரு பெட்டி. அதற்குள் முட்டை அடுக்கும் அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் விட்டில்கள் பெட்டிக்குள் விழுந்து, அட்டைக் குழிகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன. அவர் ஒவ்வோர் அட்டையாகத் தூக்கி, பெயரையும் எண்ணிக்கையையும் கொப்பியில் எழுதினார். காலைக் குளிரில் அவை அசையா. படம் எடுக்க அதுவே நல்ல நேரம் என்று கமராவை என் கையில் தந்தார். ஒரு விட்டில் முறிந்த சுள்ளியைப் போலவே இருந்தது. அது நகர்ந்த பிறகுதான் பூச்சி என்று நம்பினேன்.

பிரித்தானியாவில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் அறுபது அளவில்தான். விட்டில் இனங்களோ 2,500க்கும் மேல்.

கடைசி அட்டையில் இளஞ்சிவப்பும் ஒலிவ் பச்சையுமாக ஒன்று இருந்தது. அதன் புழுவின் முன்பகுதி தும்பிக்கை போல நீளுவதால் யானையின் பெயரைச் சேர்த்து அழைக்கிறார்கள். புழுவுக்கு உணவு வில்லோஹேர்ப் என்ற செடி. எரிந்த நிலத்தில் முந்தி முளைக்கும் செடி அது. 1940-41இல் ஜேர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசின. இடிந்த வீடுகளுக்குள் பிறகு இந்தச் செடிதான் பூத்துப் பரவியது. சனங்கள் அதைக் குண்டுச்செடி என்றே சொன்னார்கள்.

“அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் தெருவிலும் பூத்தது” என்றார் மூதாட்டி. வெளிச்சம் வெளியே தெரியாதபடி அவர்களும் யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்களாம்.

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், குருவிகள் கொத்தாதபடி பூச்சிகளைப் பற்றைக்குள் விட்டோம்.

1968 முதல் 2017 வரை பிரித்தானியாவின் பெரிய விட்டில்களின் எண்ணிக்கை 33 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அதைப் படித்தபோது அவருடைய கொப்பி நினைவுக்கு வந்தது. எண்ணி எழுத ஒருவர் இருந்தால்தானே குறைந்தது தெரியும்?

நான் எடுத்த படம் இப்போதும் என் தையல் மெசினுக்கு மேலே இருக்கிறது. கை நடுங்கியதால் சற்று மங்கல். அன்றிரவு யன்னல் சீலையை நான் மூடவில்லை. அந்த விளக்கைப் பார்த்தபடியே உறங்கிப்போனேன்.