சேணத்துக்கு அடியில்

பீனிக்ஸில் வெகுகாலமாக இருக்கும் நண்பர் ஒருவருக்குப் பூர்வீகம் கரூர். மகளுக்குக் குதிரை என்றால் உயிர். கேவ் கிரீக் பக்கம் ஒரு லாயத்தில் அவளுக்காகக் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்துப் பெட்டைக் குதிரை ஒன்றை வைத்திருக்கிறார். செம்பழுப்பு நிறம். சென்ற வருடம் அதன் முதுகில், கழுத்து முடிந்து மேடு தட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கமும் உள்ளங்கையளவு வெள்ளை முடி முளைத்துவிட்டது. வயசாகிறது போல என்று நண்பர் நினைத்துக்கொண்டிருந்தார். லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வயசு இல்லை, பேட்” என்றாராம். நான் அரிசோனா போயிருந்த சமயம் நண்பர் இதைச் சொல்ல, அந்த முதியவரைப் பார்க்கக் கிளம்பினோம்.

மேற்கத்திய சேணம் பந்தயக் குதிரையின் மேல் நாம் பார்க்கிற மாதிரி இலேசான சாமான் இல்லை. மாடு பிடிக்கிறவன் கயிற்றை வீசி, அதைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றி, துள்ளும் மாட்டை நிறுத்துவதற்காகச் செய்தது. தோல் சேணம் 15 கிலோ என்பது சர்வசாதாரணம். அதன் மேல் ஆளும் ஏறுகிறான். இத்தனை பாரமும் முதுகெலும்பின் மேல் விழாமல் இருபுறத் தசையிலும் பரவ வேண்டும். சேணத்துக்கும் தோலுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பளம் அல்லது நெய்யாமல் அழுத்திச் செய்த ஃபெல்ட் மெத்தை. அதைத்தான் பேட் என்கிறார்கள்.

முதியவர் பேட்டைப் பற்றிப் பேசவே இல்லை. குதிரையை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். நண்பரின் மகள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்ததும் சேணத்தைக் கழற்றி முதுகைக் காட்டினார். முதுகெலும்பு ஓடும் நடுக்கோடு மட்டும் காய்ந்திருந்து, இரண்டு பக்கமும் ஒரே சீராக வியர்த்திருந்தால் பேட்டும் சேணமும் சரி. ஈரத்துக்கு நடுவில் திட்டாகக் காய்ந்த இடம் இருந்தால் அங்கே அழுத்தம் மிகுதி, இல்லையென்றால் சேணம் அங்கே படியவே இல்லை. முடி கலைந்து சுருண்டிருந்தால் பேட் நகர்ந்து உரசுகிறது. வெள்ளை முடி என்பது எல்லாவற்றுக்கும் பிந்திய கட்டம்; தோலில் முடிக்கு நிறம் தரும் உயிரணுக்களே செத்துவிட்டன என்று பொருள். இந்தக் குதிரைக்குக் காய்ந்த திட்டுகள் வெள்ளை முடி இருந்த அதே இடத்தில் இருந்தன.

“பெரிய பேட் வாங்கிப் போடட்டுமா?” என்றார் நண்பர். முதியவர் சிரித்தார். செருப்பு கடிக்கிறது என்று இரண்டு காலுறை போட்டால் இன்னும் கடிக்கும், அவ்வளவுதான் என்றார். பொருந்தாத சேணத்தைத் தடிமனால் சரிக்கட்ட முடியாது. சேணம் பொருந்திய குதிரைக்கு முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை கம்பளி ஃபெல்ட் போதும். வாரை இறுக்குவதற்கு முன் பேட்டின் நடுவைச் சேணத்தின் வளைவுக்குள் தூக்கிவிட வேண்டும்; முதுகு மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். செயற்கை நுரை, ரப்பர் வகையெல்லாம் அவருக்குப் பிடிக்காது. பீனிக்ஸ் வெயிலில் அது சூட்டை வெளியே விடாது என்பார். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. குதிரைக்கு வேண்டியது அதுதான்.

பிறகு நண்பரின் பேட்டைக் கையில் எடுத்தார். நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், நவஹோ பழங்குடி மக்கள் கையால் நெய்த சுத்தக் கம்பளி என்று சொல்லி விற்றதாம். சிவப்பும் கறுப்பும் நீலமுமாக, விளிம்பு வரைக்கும் வைரக் கட்டம். முதியவர் ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினார். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வந்து, நுனியைத் தேய்த்தால் சாம்பலாக உதிரும். இது உருகிச் சொட்டி, நுனியில் கடுகு போல் கறுப்பாக இறுகிப்போனது. திருப்பிப் பார்த்தால் மூலையில் நகத்தளவு துணிச்சீட்டு: இந்தியாவில் செய்தது.

“நம்மூர்ச் சரக்குங்ணா!” என்றார் கரூர்க்காரர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரல்.

அசலைப் பார்க்க வேண்டுமானால் கனாடோ போங்கள், எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார் என்று முதியவர் தொலைபேசியில் சொல்லிவைத்தார். ஹோல்புரூக், சேம்பர்ஸ் வழியாக வடக்கே ஏறினோம். நவஹோ நாடு அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் பரந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் பரப்பு. வழியில் சொல்ல அதிகமில்லை: செம்மண், புதர், இடைக்கிடை ஆடு.

கனாடோவில் ஹப்பெல் வணிக நிலையம் இருக்கிறது. 1878இல் ஜான் லொரென்சோ ஹப்பெல் தொடங்கியது. 1967இல் குடும்பத்தார் தேசியப் பூங்காத் துறைக்கு விற்றுவிட்டார்கள். கடை இன்னும் கடையாகவே நடக்கிறது. மரத்தரை கிரீச்சிடும். உள்ளறையில் கம்பளங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் நெய்தவர் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு. அந்தச் சீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் வீடு தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் வெகுதூரம் உள்ளே. வாசலில் பழைய பிக்கப் வண்டி, அதன் முதுகில் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. இந்தப் பகுதியில் பல வீடுகளுக்கு இன்றைக்கும் குழாய்த் தண்ணீர் இல்லை. கம்பளி கழுவவும் குடிக்கவும் ஊருக்குப் போய்த்தான் நிரப்பிவர வேண்டும். வீட்டை ஒட்டி எண்கோணமாக ஒரு ஹோகன், அதாவது நவஹோ மரபு வீடு; வாசல் கிழக்கே. தறி அதற்குள் இருந்தது.

தறியைப் பார்த்ததும் நண்பர் அருகே போய் நின்றுவிட்டார். அவருடைய அப்பா கரூரில் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கூலிக்கு நெய்தவர். இது நம் குழித்தறி மாதிரி இல்லை, செங்குத்தாக நிற்கிறது. மிதி கிடையாது, நாடா கிடையாது. ஆனால் “இது விழுதுதானே?” என்று ஒரு குச்சியைக் காட்டிக் கேட்டார். பாவு நூலைச் சுற்றி வளையம் வளையமாகக் கட்டி இழுக்கும் அதே விழுதுதான். அந்த அம்மா அவர் கையைப் பார்த்தார். நெசவாளி வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது போலும், அதன் பிறகு என்னை விட்டுவிட்டு அவரிடமே பேசினார்.

சாய்வரி நெசவுக்கு எந்த விழுதுக் குச்சியை எப்போது இழுப்பது என்பதை நண்பர் புரிந்துகொண்டார், எனக்கு எட்டவில்லை. செடிகளை வேகவைத்துச் சாயம் காய்ச்சும் கதையும் நீண்டது, அதை விடுகிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது சீப்பை. ஊடையை அடித்து இறுக்கும் மரச்சீப்பு, ஓக் மரம். அவருடைய தாத்தா அவருடைய அம்மாவுக்குச் செதுக்கிக் கொடுத்ததாம். கைப்பிடியில் கட்டைவிரல் பதியும் இடம் குழிந்து, பளபளவென்று இருந்தது. பற்கள் ஒரு பக்கம் தேய்ந்து குட்டையாகியிருந்தன. ஒரு இழை போட்டதும் டக் டக்கென்று அடி. ஐந்து நிமிடம் அடித்தும் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

தறியில் இருந்தது ஒற்றைச் சேண விரிப்பு, 30 அங்குலச் சதுரம். இரட்டை என்றால் நீளம் 60 அங்குலம், மடித்து, மடிப்பு முன்பக்கம் வரும்படி போடுவார்கள். நடு முழுக்க வெறும் சாம்பல் நிறம். நான்கு மூலையில் மட்டும் சிவப்பும் கறுப்புமாகப் படிக்கட்டுக் கோலம். நடுவில் ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டேன்.

“அங்கே சேணம் உட்காரும். பார்க்கிறவருக்குத் தெரிவது மூலை மட்டும்தான். நடு குதிரைக்கு” என்றார்.

வேலை அதிகம் எதற்கு என்றால் அந்த வெற்று நடுவுக்குத்தானாம். முடிச்சு கூடாது, நூல் ஒட்டுப்போடும் இடம் தடிக்கக் கூடாது, எங்காவது இறுக்கம் குறைந்தால் அங்கே மடிந்து தோலைக் கடிக்கும். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று தெரியவில்லை. ஓரங்கள் நான்கும் நெய்தே முடிந்தவை. அறுத்த குஞ்சம் எங்கும் இல்லை. பாவு ஒரே நூலாக மேலும் கீழும் ஓடுவதால் கடைசி அங்குலத்தில் கை நுழைய இடமிருக்காது. அதற்குப் பழைய குடைக் கம்பி ஒன்றை வைத்திருக்கிறார். அந்தக் கடைசி அங்குலத்துக்கே ஒரு பகல் போய்விடும்.

நண்பர் தயங்கித் தயங்கித் தன் பேட்டை எடுத்துக் காட்டினார். அந்த அம்மா கோபப்படவில்லை. இரண்டு முனையிலும் முடிச்சிட்ட குஞ்சத்தைத் தொட்டு, “இது வேறு தறி” என்றார். பிறகு ஓரத்தை மடித்துப் பார்த்து, “கை நல்ல கை. நூல்தான் நூலே இல்லை” என்றார்.

அவர் பிறந்தது 1940களின் கடைசியில். பாட்டியிடம் தறி படித்தார். சிறுவயதிலேயே அரசு விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசினால் வாயில் சோப்பைத் திணித்தார்கள். கோடை விடுமுறையில் ஆடு மேய்க்க வீடு வந்தால்தான் மூச்சு. அந்த ஆடுகளைப் பற்றிப் பாட்டி சொன்னதை அவர் சொன்னபோது சீப்பைக் கீழே வைத்துவிட்டார். 1930களில், மேய்ச்சல் மிகுந்து மண் அரித்து அணையில் வண்டல் சேர்கிறது என்று சொல்லி, ஜான் காலியர் தலைமையிலிருந்த அரசின் பழங்குடி விவகாரத் துறை நவஹோ ஆடுகளைக் குறைக்கச் சொன்னது. வாங்கிக்கொண்டு போனது போக, எத்தனையோ ஆடுகளைப் பட்டியிலேயே சுட்டுப் போட்டார்கள். ஆடு பெண்களின் சொத்து. பாட்டி அதற்குப் பிறகு அந்தப் பட்டிப் பக்கமே போகவில்லையாம். இந்த மக்களுக்கு இது முதல் தடவையும் இல்லை. 1864இல் அமெரிக்கப் படை அவர்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக்கொண்டுபோய் போஸ்கே ரெதோந்தோவில் அடைத்தது. 1868 உடன்படிக்கைக்குப் பிறகு திரும்பியவர்களுக்கு அரசு 15,000 செம்மறியும் வெள்ளாடும் கொடுத்தது. கொடுத்த அரசே பிறகு சுட்டது.

நீண்ட இழையும் குறைந்த எண்ணெய்ப் பசையுமாக, கழுவத் தண்ணீர் அதிகம் கேட்காத, சுர்ரோ என்ற செம்மறியின் கம்பளிதான் இந்த நெசவுக்கு உயிர். 1970களில் அந்த இனம் சில நூறாகத் தேய்ந்துவிட்டது. பேராசிரியர் லைல் மக்நீல் 1977இல் தொடங்கிய முயற்சியால்தான் மறுபடி பெருகியது. அம்மாவின் பட்டியிலும் சில நின்றன. கிடாய்க்கு நான்கு கொம்பு.

இனி விலை. சென்ற வருடம் சுற்றுலாப் பயணிகள் வரும் ஊரில் ஒரு கடைக்கு இதே மாதிரி விரிப்பை விற்றிருக்கிறார். கையில் கிடைத்தது 250 டாலர். சில நாள் கழித்துப் பேத்தி அங்கே போனபோது 595 என்று சீட்டுத் தொங்கியது. கழுவி, வாரி, நூற்று, நெய்து முடிக்க 150 மணி நேரமாவது ஆகும் என்கிறார். மணிக்கு 2 டாலர்கூட இல்லை. அரிசோனாவில் பர்கர் கடையில் நிற்கும் பையனுக்குச் சட்டப்படி மணிக்கு 14 டாலருக்கு மேல். வாங்கி மாட்டி வைத்த கடைக்காரர் செய்த வேலை, சீட்டு எழுதியது.

பழைய வியாபாரிகளும் யோக்கியர்கள் என்று சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விரிப்பை எடை போட்டு, பவுண்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். நெய்தவர்கள் கம்பளியைச் சரியாகக் கழுவாமல் மண்ணோடு நெய்தார்கள். அதைத் திருட்டுத்தனம் என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. கைத்திறனைத் தராசில் போட்டவனை விட்டுவிட்டு, தராசுக்கு மண்ணைக் கொடுத்தவளைத் திருடி என்பது என்ன நியாயம்? 2012இல் கலிபோர்னியாவில் ஒரு பழைய நவஹோ போர்வை 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதை நெய்த பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது.

பழங்குடி மக்கள் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்பதைத் தடுக்க 1990இல் சட்டம் வந்தது. முதல் குற்றத்துக்கே தனிநபருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் நண்பர் வாங்கிய பேட்டின் துணிச்சீட்டில் இந்தியா என்றே இருக்கிறது. பொய் கடைக்காரரின் வாயில். வாய்ப்பேச்சை எந்த நீதிமன்றத்தில் வைப்பது? அந்தப் பேட்டை நெய்த நம் நாட்டு ஆளுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று கரூர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பொய் இரண்டு நெசவாளிகளின் வயிற்றில் அடிக்கிறது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நியூ மெக்சிகோவின் கிரவுன்பாயிண்டில் 1960களின் கடைசியில் நெசவாளிகளுக்கென்றே ஓர் ஏலம் தொடங்கியது. கம்பளத்தை அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள், வாங்குகிறவர் நேரே வாங்குவார். அந்த அம்மா அங்கே விற்ற நாட்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தொகைகளைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நண்பர் ஒரு விரிப்பு வாங்கினார். வழக்கப்படி பேரத்துக்கு வாயெடுத்து, பிறகு தறியைப் பார்த்துவிட்டு, கேட்ட பணத்தை அப்படியே எண்ணிக் கொடுத்தார். அது மட்டும் போதாது என்பதையும் அந்த அம்மாவே சொன்னார்: நாள் முழுக்க ஓட்டுகிற குதிரைக்கு அடியில் நல்ல ஃபெல்ட், அதன் மேல் நெய்த விரிப்பு. ஆனால் முதலில் சேணத்தை மாற்றுங்கள் என்று லாயத்து முதியவர் சொன்னதையே இவரும் சொன்னார். சேணம் மாற்றியாகிவிட்டது. வெள்ளை முடி போகாது, புதிதாக முளைக்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. குதிரைக்கானாலும் கூடத்துச் சுவருக்கானாலும், நெய்தவர் பெயரும் ஊரும் இல்லாத விரிப்பை நவஹோ என்று விற்றால் வாங்காதீர்கள். ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். குஞ்சம் முடிச்சிட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். நெய்தவரே எதிரில் நின்றால் மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.